கிரியாட்டினின் சொல்லாமல் விடுவது

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'கிரியாட்டினின் 1.2' என்றிருக்கும். பக்கத்தில் அச்சிட்ட இயல்பு அளவுக்குள் அது இருந்துவிட்டால் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். 25 வயது இளைஞருக்கு அதில் பிழையில்லை. 70 வயதுப் பாட்டிக்கு அதே 1.2 என்றால் கதை வேறு.

கிரியாட்டினின் என்பது தசைகளிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் கழிவு. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கும். ஆனால் தசை வற்றிய உடலில் கழிவே குறைவு; சிறுநீரகம் பழுதாகியும் எண் அவ்வளவாக ஏறாது. அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதுவே இ.ஜி.எஃப்.ஆர். கறுப்பினத்தவருக்கென்று இருந்த தனிப் பெருக்கெண்ணை நீக்கி 2021இல் அமெரிக்காவில் வெளியான சூத்திரப்படி, இளைஞருக்கு 86, பாட்டிக்கு 49.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. வடிகட்டும் திறன் பாதியானால் கிரியாட்டினின் ஏறக்குறைய இரு மடங்காகும். 0.6 என்பது 1.2 ஆகும்போதே பாதித் திறன் போய்விட்டது. வீட்டில் யாருக்கும் பதற்றமில்லை. 4 என்பது 8 ஆனால் குடும்பமே ஓடுகிறது. அப்போது போவது, மிச்சமிருந்த சொற்பத்தில் பாதி.

வலி ஏன் இல்லை? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். சில அழிந்தால் மற்றவை அந்தச் சுமையையும் இழுக்கின்றன; இழுத்து இழுத்தே அவையும் நைகின்றன. நைந்த வடிகட்டி வழியே அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனம் தேவை. 300ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். இ.ஜி.எஃப்.ஆர். 90 இருந்தாலும் இந்தக் கசிவு நீடித்தால் அது நோய்தான். மலிவான இந்தச் சிறுநீர்ச் சோதனையைத்தான் நாம் பெரும்பாலும் தட்டிக்கழிக்கிறோம்.

ஒருநாள் எண்ணை வைத்து முடிவு கட்டவும் கூடாது. வயிற்றுப்போக்கு, வலி மாத்திரை போன்றவற்றாலும் இ.ஜி.எஃப்.ஆர். சரியலாம். 60க்குக் கீழே மூன்று மாதமாவது நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 15க்குக் கீழே கடைசி நிலை. 40 வயதுக்குமேல் ஆண்டுக்குச் சுமார் 1 குறைவது முதுமையின் கணக்கு. ஆண்டுக்கு 5க்குமேல் தொடர்ந்து சரிந்தால் நோய் வேகமெடுத்துவிட்டது என்று பொருள்.

சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை இந்த இரண்டு சோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சரிவின் வேகம் அவற்றில்தான் தெரியும்.