விரல் மறவாதது



அம்பத்தூர் ஏரிக்கு அண்மையில் உள்ளது என் இல்லம். அதன் பரணில் 39 ஆண்டுகள் ஒரு வீணை துயின்றது. 1982-ஆம் ஆண்டில் ஆசிரியப் பணி ஏற்றபோது அதனைத் துணியில் சுற்றி மேலே ஏற்றினேன். கோடை விடுமுறையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய எண்ணம். கோடைகள் வந்தன, விடைத்தாள் கட்டுகளும் உடன் வந்தன. ஓய்வு பெற்ற பின்னர், 2021-இல்தான் அது கீழிறங்கியது.

வீணையின் குடமும் தண்டியும் பலாமரத்தால் ஆனவை. வாசிப்பதற்கு 4 தந்திகள், தாளத்திற்கு 3. அதன் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. கருமை கலந்த மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. மெழுகு காய்ந்தால் வெடிக்கும். வெப்பத்தில் இளகினால் மெட்டு இடம் பெயரும். என் வீணையில் இரண்டும் நேர்ந்திருந்தன. வீணைத் தொழில் அறிந்த ஒருவர் மெழுகை உருக்கி, ஒவ்வொரு மெட்டின் இடத்தையும் காதாலேயே தேர்ந்து, மீண்டும் பதித்துத் தந்தார். கருவி செப்பமாயிற்று. கையை யார் செப்பம் செய்வது?

முதல் நாள் மாலை, இளமையில் கற்ற பைரவி அடதாள வர்ணத்தின் சுரங்களைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் ஆவர்த்தனத்திலேயே நா நின்றுவிட்டது. அடுப்பில் வைத்த பாலை நினைத்தவாறே விரலை மெட்டின்மேல் வைத்தேன். கை தானே நடந்து பல்லவியை முடித்தது! ‘இது எந்தச் சுரம்?’ என்று எண்ணிய கணமே தடுமாறி நின்றது.

இந்த விந்தைக்கு விளக்கம் உண்டு. ஜெர்மானிய உளநூலறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதியை அளந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். அறவே மறந்ததாகத் தோன்றும் பாடத்தையும் மறுமுறை கற்க முன்னினும் குறைந்த நேரமே பிடிக்கிறது என்று அவர் கண்டார். அந்த மிச்சத்திற்குச் ‘சேமிப்பு’ என்று பெயர். பயிற்சிக் கல்லூரியில் இதைத் தேர்வுக்காக எழுதியிருக்கிறேன். பொருள் விளங்கியது அறுபது வயதுக்குப் பின்னர்தான்.

பிற்காலத்தில் பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் மற்றொன்றைக் காட்டினார். 1953-இல் மூளையில் அறுவை செய்யப்பட்டுப் புதிய நினைவுகளைச் சேர்க்கும் ஆற்றலை இழந்த ஒருவரை, கண்ணாடியில் பார்த்தபடி விண்மீன் வடிவம் ஒன்றை வரையச் செய்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. எனினும் முன்பு வரைந்ததே அவர் நினைவில் இல்லை. வாயால் சொல்லும் அறிவும் கை அறிந்த வித்தையும் மூளையில் வெவ்வேறு வழியாக நிலைபெறுகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

அப்படியானால் யாவும் அப்படியே இருந்தனவா? இல்லை. விரல் நுனியின் காய்ப்பு கரைந்துவிட்டது. முதல் வாரம் தந்தி விரலை அறுத்தது. வேகம் போயிற்று. எல்லாவற்றினும் பெரிய இழப்பு கமகத்தில். வீணையில் ஒரே மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களைப் பிறப்பிக்கிறோம். எவ்வளவு இழுப்பது என்பதற்கு மெட்டு வழிகாட்டாது. காதுதான் ஆணையிட வேண்டும். அந்த ஆணைக்குக் கை கீழ்ப்படியவில்லை.

மீண்டு வருபவனின் துன்பம் இங்கேதான். புதிதாகக் கற்கும் சிறுவனுக்குத் தன் பிழை கேட்பதில்லை. ஆகவே மகிழ்ச்சியாக வாசிக்கிறான். எனக்கோ வானொலிக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த காது. அது ஒவ்வொரு அபசுரத்தையும் சுட்டியது. நாணி, மறுபடியும் பரணில் ஏற்றிவிடலாமா என்றும் எண்ணியதுண்டு. இறுதியில் சரளி வரிசையிலிருந்து தொடங்கினேன். நாளுக்குக் கால் மணி நேரம். அதற்கு மேல் விரல் இடந்தரவில்லை.

அமெரிக்கப் பியானோ மேதை லியான் பிளைஷருக்கு 1964-இல் வலக்கை விரல்கள் தாமே மடங்கிக்கொண்டன. ஏறத்தாழ முப்பதாண்டுகள் அவர் இடக்கைக்கென இயற்றப்பட்டவற்றை வாசித்தார், பிறர்க்குக் கற்பித்தார். சிகிச்சைக்குப் பின் 1990-களில் இரு கைகளாலும் மேடையில் வாசித்தார். கை முடங்கியபோதும் அவர் காதும் கருத்தும் ஒருநாளும் ஓய்வு கொள்ளவில்லை.

தலைமையாசிரியனாக நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் மிருதங்கம் பயின்ற மாணவன் ஒருவன் இருந்தான். “தேர்வு முடியட்டும், தம்பி. கலை எங்கும் ஓடிவிடாது” என்று அவன் தந்தையார் முன்னிலையில் கூறினேன். நல்ல மதிப்பெண் பெற்றான். மிருதங்கத்தை அதன்பின் தொடவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் ரயிலில் அவனைக் கண்டேன். இப்போது ஆவடியில் வேலை. மடியிலிருந்த பையின்மேல் அவன் விரல்கள் ஆதி தாளத்தில் சொற்கட்டு ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தன; அவன் அதை அறியவில்லை.

“மிருதங்கம் இருக்கிறதா, தம்பி?” என்றேன்.

“விற்றுவிட்டோம், ஐயா.”

கலை ஓடிவிடாது என்று நான் சொன்னது பாதி மெய். கையைக் காதோடு இணைத்து வைக்க அந்த ஓராண்டிலும் நாளுக்குக் கால் மணி போதும் என்ற மறுபாதியை நான் அன்று அறியவில்லை.

பழைய மிருதங்கம் ஒன்றை வாங்கித் தோல் மாற்றியிருக்கிறான். ஞாயிறுதோறும் வருகிறான். பைரவி வர்ணத்தில் சரணம் வரை வந்துவிட்டோம். இரண்டாம் காலத்தில்தான் இருவருக்கும் இன்னும் கை ஓடவில்லை.