ஒரு வார்த்தை மறந்து போனால்...

ஆண்டுத் தேர்வு வந்தாலே, "கணக்குகூடப் போட்டுடுவேன் சார், இங்கிலீஷ்தான் பயமா இருக்கு" என்பவர்கள் உங்களில் பலர். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரே வழிதான் தெரியும். கைடில் இருக்கும் விடையை எழுத்து மாறாமல் நெட்டுருப் போடுவது!

அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பல ஆண்டுகள் ஆங்கில விடைத்தாள் திருத்தியவன் நான். முதல் நான்கு வரி முத்து முத்தாக இருக்கும். ஐந்தாவது வரி பாதியில் நிற்கும். அதற்குக் கீழே வெறும் வெள்ளைத்தாள்! ஒரே ஒரு வார்த்தை மறந்து போயிருக்கும். அது வராததால், பின்னால் வர வேண்டிய எதுவுமே வரவில்லை. இத்தனைக்கும் அந்தக் கதையைத் தமிழில் கேட்டால் கடகடவென்று சொல்லும் பிள்ளைதான்.

ஏன் இப்படி? ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், மறதியைப் பற்றித் தன்னையே வைத்துச் சோதனை செய்தார். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் மறந்து போனது! பிறகு ஓர் ஆங்கிலக் கவிதையை மனப்பாடம் செய்தார். அதற்குப் பத்தில் ஒரு பங்கு முயற்சியே போதுமானதாக இருந்தது. காரணம், கவிதைக்குப் பொருள் இருந்தது. 1885ல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார்.

பொருள் புரியாமல் படிக்கும் ஆங்கில விடையும் அந்த வெற்று அசைகளைப் போலத்தான். அப்படியானால் எப்படிப் படிப்பது?

* பாடத்தின் கதையை முதலில் தமிழில் உங்கள் தம்பிக்கோ, பாட்டிக்கோ சொல்லுங்கள். அவர்களுக்குப் புரிந்தால், உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று பொருள்.

* அதையே ஐந்தாறு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். தாகம் கொண்ட காகத்தின் கதை தெரியும்தானே? 'தி க்ரோ வாஸ் தர்ஸ்டி. இட் சா எ பாட். தி வாட்டர் வாஸ் லோ. இட் ட்ராப்டு ஸ்டோன்ஸ். தி வாட்டர் கேம் அப்.' இதில் ஒரு வார்த்தை மறந்தாலும் கதை நிற்காது. வேறு வார்த்தை போட்டு மேலே போகலாம். தவறு இருக்கிறதா என்று ஆசிரியரிடம் காட்டித் திருத்திக் கொள்ளுங்கள்.

* படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை எழுதுங்கள். ஒரே இரவில் பத்து முறை படிப்பதைவிட இது மனதில் நன்றாக நிற்கும்.

* மனப்பாடப் பாடலை மட்டும் வரி மாறாமல்தான் எழுத வேண்டும். அதையும் பொருள் தெரிந்துகொண்டு படியுங்கள். சீக்கிரம் பதியும்.

* இலக்கணத்தில் விதியை மட்டும் படித்தால் போதாது. விதிக்கு ஐந்து வாக்கியமாவது சொந்தமாக எழுதுங்கள். 'ஐ கோ' என்பது 'ஹி கோஸ்' ஆவது கைக்குப் பழக வேண்டும்.

தேர்வு அறையில்? தமிழகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். வினாத்தாளைப் படிக்க மட்டும் தனியாக 10 நிமிடம் உண்டு. அந்த நேரத்தில் ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். காகம் ஏன் கல்லைப் போட்டது என்று கேட்டால், அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். முழுக் கதையையும் எழுத வேண்டாம்.

தெரியாத கேள்வி வந்தால் பேனாவைக் கீழே வைக்காதீர்கள். தெரிந்ததைச் சின்ன வாக்கியங்களில் எழுதுங்கள். எழுதியதற்குத்தான் மதிப்பெண் போட முடியும். வெள்ளைத்தாளுக்கு எந்த ஆசிரியராலும் போட முடியாது!

இன்றைக்கே ஒரு பாடத்தை எடுத்துக் கொள்ளுங்கள். படியுங்கள், மூடுங்கள், ஐந்து வாக்கியம் எழுதுங்கள். வெற்றி உங்களுக்கே, வாழ்த்துகள்!