மேகத்தை வழிமறிக்கும் மலை

ராஜபாளையத்தில் நின்று கிழக்கே பார்த்தால் சஞ்சீவி மலை தெரியும். பாறையும் முள்ளுமாக வெயிலில் காய்ந்து கிடக்கும் குன்று. மேற்கே திரும்பினால் வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலை. உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஊர், ஒரே வெயில். பக்கத்துப் பக்கத்தில் இப்படி இரண்டையும் வைத்த படைப்பாளியின் கைத்திறனை எண்ணினால் கை தானாகக் குவிகிறது.

முடங்கியாறு ரோட்டில் மேற்கே போனால் சிறிது நேரத்திலேயே காற்று மாறுவது தெரியும். மில்களின் இரைச்சல் ஓய்ந்து தென்னந்தோப்பும் மாந்தோப்பும் தொடங்கும். ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் காட்டின் வாசலில் நீர்காத்த அய்யனார் கோவில். அதற்கு மேல் வண்டிக்கு வழியில்லை. அது நல்லதுதான் என்பேன்.

அடிவாரத்தில் வெயிலும் உச்சியில் மேகமுமாக இருப்பது நம் மலை மட்டுமல்ல. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் லெமன் மலை என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 2,790 மீட்டர் உயரம். அடிவாரத்தில் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு வளர்ந்த கள்ளிகள். உச்சியில் ஊசியிலைக் காடு, குளிர்காலத்தில் பனி. அருகிலுள்ள டூசான் நகரத்து மக்கள் காலையில் காரில் ஏறி, பனியைத் தொட்டுவிட்டு, மாலையில் பாலைவனத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நம் மலையில் பனி பெய்யாது. ஆனால் இரண்டு மலைகளுக்கும் இறைவன் வகுத்த விதி ஒன்றே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். மேலேறும் காற்று குளிரும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைச் சுமக்க முடியாது, இறக்கி வைத்துவிடும்.

ஜூனில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று தன் சுமையில் பெரும்பகுதியைக் கேரளத்தின் பக்கம் இறக்கிவிட்டு, முகட்டைத் தாண்டி நம் பக்கம் காய்ந்த காற்றாகச் சரிகிறது. விருதுநகர்ச் சீமை மழை மறைவுப் பகுதியானது இப்படித்தான். ஆனாலும் நமக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. 2,000 மீட்டரைத் தொடும் அந்த முகடுகளில் மேகம் வழிந்து, சோலைக்காட்டின் இலைகளில் துளித்துளியாகச் சேர்கிறது. அங்கே தரை என்பது மக்கிய இலைகளின் மெத்தை. அதில் விழுந்த நீர் உடனே ஓடாது. ஊறி, வேர்களுக்கிடையே கசிந்து, பாறை இடுக்கில் ஓடையாகத் தலைகாட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து இந்தச் சரிவை நேராகவே நனைக்கும். இதே மலைத்தொடரில் தெற்கே சிவகிரிப் பக்கம் பெரியாறு பிறந்து மேற்கே போகிறது; வடக்கே வருசநாட்டில் வைகை பிறந்து கிழக்கே வருகிறது. ஒரே மலை இரண்டு கடல்களுக்குத் தண்ணீர் அனுப்புகிறது.

இந்த ஓடைகளின் கரையைப் பிடித்துக்கொண்டே வாழ்கிறது ஓர் உயிர்: சாம்பல் நிற மலை அணில். இந்தியாவின் தென்பகுதியையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பூனை அளவில் தெரியும். வாலோ உடம்பின் நீளத்துக்கே இருக்கும். கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் குச்சியும் இலையும் சேர்த்து உருண்டையாகக் கூடு கட்டும். பருந்து வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவிவிட வேண்டுமே! தரையில் இறங்குவது அரிது. நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் போதும், அதன் பாதை அறுந்துவிடும். இதைக் காக்கவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அமைந்தது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அணிலுக்கு நிழல் தரும் அந்தக் கரையோர மரங்கள்தான் ஆற்றுக்கும் கரையைப் பிடித்துக்கொடுக்கின்றன. யார் யாருக்குக் காவல் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அவற்றைக் கோத்திருக்கிறான் இறைவன்.

அய்யனார் கோவிலருகே ஓடும் அந்த ஆறு சாதுவானது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கோவிலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை கொட்டியிருக்கும். சற்று நேரத்தில் செந்நிற வெள்ளம் பாறைகளை உருட்டிக்கொண்டு இறங்கிவிடும். அக்கரையில் மாட்டிக்கொண்ட பக்தர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட சம்பவங்கள் உண்டு. வனத்துறை ‘இன்று அனுமதி இல்லை’ என்றால் அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் முறை.

அடுத்த முறை குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆற்றில் சோப்பும் ஷாம்பூவும் போடாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைக் கையோடு திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். அந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி, ராஜபாளையத்துக்குக் குடிநீராகப் போகிறது.