ஒரு கேன் கடல் தண்ணீரில் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா?

கடல் மீன் வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் கடையில் உப்புப் பொடி வாங்கிக் கரைக்கிறார்கள். ஆனால் கடலுக்கே போய், கேனில் மொண்டுவந்து தொட்டியை நிரப்புகிறவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள்! அந்தத் தண்ணீரின் கதையைக் கேட்டால் மூக்கின் மேல் விரல் வைப்பீர்கள். படியுங்கள்!

பாட்டிலுக்குள் ஜனத்தொகை!

ஒரு லிட்டர் கடல் நீரில் எத்தனை பாக்டீரியா இருக்கும் தெரியுமா? சுமார் 100 கோடி! வைரஸ்? சுமார் 1,000 கோடி! பூமியில் வாழும் மனிதர்கள் மொத்தமே 800 கோடிச் சொச்சம்தான். பளிங்குபோலத் தெளிந்து நிற்கும் ஒரே ஒரு பாட்டில் தண்ணீர், மனித குலத்தையே எண்ணிக்கையில் தோற்கடித்துவிடுகிறது! பயம் வேண்டாம். அந்த வைரஸ்களில் பெரும்பாலானவை பாக்டீரியாக்களைத்தான் வேட்டையாடுகின்றன.

1,600 பேர் வரிசையில் நின்றால் 1 மில்லிமீட்டர்!

புரோகுளோரோகாக்கஸ்! பெயர்தான் நீளம், உருவம் வெறும் 0.6 மைக்ரான். 1,600-க்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தினால்தான் 1 மில்லிமீட்டர் வரும். வெப்பமண்டலப் பெருங்கடலில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் வரை இருக்கும். வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும் உயிர்களில் இதைவிடச் சிறியது இல்லை! இதில் இன்னொரு வேடிக்கை: 1980-களின் நடுப்பகுதி வரை இப்படி ஒன்று இருப்பதே விஞ்ஞானிகளுக்குத் தெரியாது!

உங்கள் தொட்டியில் எத்தனை கிலோ உப்பு?

தொட்டி 100 லிட்டரா? அப்படியானால் அதில் கரைந்திருப்பது சுமார் 3.5 கிலோ உப்புகள்! பிரித்துப் பார்ப்போமா? குளோரைடு 1.9 கிலோ. சோடியம் 1 கிலோவுக்குச் சற்று மேல். சல்பேட் 270 கிராம். மெக்னீசியம் 129 கிராம். கால்சியம் 41 கிராம். பொட்டாசியம் 40 கிராம். புரோமைடுகூட 6 கிராமுக்கு மேல் உண்டு! பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது அந்த 41 கிராம் கால்சியத்தில்தான்!

கல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகிவிடுமா?

ஆகவே ஆகாது! ஏன் தெரியுமா? தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனால் விடை கிடைக்கும். பாத்தியில் கடல் நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, முதலில் கால்சியம் ஜிப்சமாகப் பிரிந்து படிந்துவிடும். அடர்த்தி 25 டிகிரி போமே அளவை எட்டிய பிறகுதான் சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை கசப்பு நீரிலேயே தங்கிவிடும். அந்த நீரை வடித்துவிடுவார்கள்! கடலின் முக்கியச் சரக்குகளை வழியிலேயே விட்டுவிட்டு வந்ததுதான் நம் வீட்டு உப்பு!

எங்கே மொண்டாலும் ஒரே விகிதம்!

1872 முதல் 1876 வரை 'சேலஞ்சர்' என்ற கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி வந்தது. கடந்த தூரம் ஏறக்குறைய 1,27,000 கிலோமீட்டர்! அது கொண்டுவந்த 77 கடல் நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் சலிக்காமல் சோதித்து, 1884-இல் முடிவை வெளியிட்டார். என்ன முடிவு? உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், முக்கிய உப்புகளுக்கு இடையே உள்ள விகிதம் மாறுவதே இல்லை! அட்லாண்டிக் ஆனாலும் பசிபிக் ஆனாலும் அதே கலவை!

தங்கமும் இருக்கிறதாமே?

இருக்கிறது! முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் இழப்பீட்டுக் கடனை அடைக்க, கடல் நீரிலிருந்தே தங்கம் எடுத்துவிடலாம் என்று களமிறங்கினார் நோபல் பரிசு பெற்ற ஃபிரிட்ஸ் ஹேபர். 1920-களில் கப்பலில் ஏறித் தேடினார். கிடைத்ததோ ஏமாற்றம்! ஒரு கிராம் தங்கத்துக்கு எவ்வளவு கடல் நீர் வேண்டும் தெரியுமா? சுமார் 10 கோடி டன்!

ஜன்னலோரம் தண்ணீர் ஊற்றிய பணிப்பெண்!

1846-இல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார் ஆன்னா தின் என்ற சீமாட்டி. அங்கே கடல் ஏது? ஏர் பம்ப்தான் ஏது? அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னல் முன் நின்று, அந்தக் கடல் நீரையே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். தினமும்! காற்று கலந்தது, பவளங்கள் பிழைத்தன! கடல் உயிர்களை வீட்டில் வளர்த்த முன்னோடிகளில் ஒருவர் இவர்!

வெறும் காற்றுக்குமிழி போதுமா?

போதும் என்று காட்டினார் ஜகார்த்தாவின் லீ சின் எங்! தொட்டி நிறைய இயற்கைக் கடல் நீர், அடியில் உயிர்கள் ஒட்டி வாழும் பாறைத் துண்டுகள், மெல்லிய காற்றுக்குமிழிகள். வேறு வடிகட்டி எதுவும் கிடையாது! 1961-இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். இன்று உலகமே 'லைவ் ராக்' என்று கொண்டாடுகிற முறைக்கு வித்து அங்கேதான்!

குழாயைத் திறந்தால் கடல்!

அமெரிக்காவின் லா ஹோயாவில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே பாலம்போலக் கடலுக்குள் நீளும் துறையிலிருந்து பம்ப் செய்து, மணலில் வடிகட்டிய கடல் நீரைத் தொட்டிப் பிரியர்கள் கேன் கேனாக இலவசமாகப் பிடித்துப் போனார்கள்! அதே துறையில் 1916 முதல் கடலின் வெப்பத்தையும் உப்பையும் தினமும் அளந்துவருகிறார்கள். நூறு ஆண்டு தாண்டிய நாட்குறிப்பு!

ராத்திரியில் மட்டும் வடிகட்டாத தண்ணீர்! ஏன்?

கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா மீன் காட்சியகம் நிமிடத்துக்கு 7,500 லிட்டர் வரை கடல் நீரை உள்ளே இழுக்கிறது. பகலில், பார்வையாளர்களுக்காக வடிகட்டிய தண்ணீர். ராத்திரியில், வடிகட்டியே இல்லாமல் பச்சைக் கடல் நீர்! அதில் மிதந்து வரும் நுண்ணுயிர்கள்தான் 28 அடி உயரக் கடற்பாசிக் காட்டுத் தொட்டியின் உயிர்களுக்கு விருந்து! சாப்பாட்டையும் கடலே பரிமாறிவிடுகிறது!

கடல் நீர்க் கிணறு கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஹவாயின் வைக்கிக்கி மீன் காட்சியகத்தில் உப்புநீர்க் கிணறு உண்டு! அந்தத் தண்ணீரில் சத்துப் பொருள்கள் கூடுதல், பி.ஹெச். அளவோ கடலைவிடக் குறைவு. 'இதில் பவளம் வளருமா?' என்றுதானே கேட்பீர்கள்? வளர்ந்தது, அதுவும் செழிப்பாக! 1995-இல் ஆய்வுக் கட்டுரையாகவே அது வெளிவந்தது!

கடலே இல்லாத ஊரில் திமிங்கலச் சுறா!

அட்லாண்டா நகரத்திலிருந்து கடல் பல நூறு கிலோமீட்டர் தூரம். ஆனாலும் அங்கே 2005-இல் திறந்த ஜார்ஜியா மீன் காட்சியகத்தில் திமிங்கலச் சுறாவுக்காகக் கட்டிய பெரிய தொட்டி 2 கோடியே 38 லட்சம் லிட்டர் கொள்ளும்! உப்பைக் கரைத்துத்தான் கடலை உண்டாக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் என்று கணக்குப் போடுங்கள். 800 டன்னைத் தாண்டுகிறது! கேன் தூக்கிக் கடலுக்குப் போகிற தூரத்தில் நீங்கள் இருந்தால் எவ்வளவு அதிர்ஷ்டசாலி, பாருங்கள்!

கேனை மூடியதும் உள்ளே என்ன நடக்கிறது?

கலவரம்! கடல் நீரைப் பாத்திரத்தில் அடைத்தால் ஓரிரு நாளிலேயே பாக்டீரியா மளமளவென்று பெருகுகிறது. ஒட்டிக்கொள்ளப் பாத்திரச் சுவர் கிடைத்துவிட்டதே! ஸ்கிரிப்ஸின் கிளாட் ஸோபெல் இதை 1930-களிலேயே ஆராய்ந்தார். அதனால்தான் அனுபவசாலிகள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். எடுத்த அன்றே பயன்படுத்துவார்கள். இல்லையென்றால், வெளிச்சம் படாமல் மூடி இரண்டு மூன்று வாரம் வைப்பார்கள். இருட்டில் மிதவை உயிர்கள் மடிந்து, பாக்டீரியா அவற்றைத் தின்று அடங்கி, கசடு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுத்து, நன்றாகக் காற்றடித்தால் தண்ணீர் தயார்!

கடலுக்குக் கடல் உப்பு மாறுமா?

மாறும்! உலகச் சராசரி லிட்டருக்கு 35 கிராம். செங்கடலில் அது 40-ஐத் தொடும். பால்டிக் கடலின் மேல்நீரிலோ வெறும் 7, 8தான்! நம் வங்கக் கடல்? கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுகிற வெள்ளத்தால் வடபகுதியில் 30-க்கும் கீழே இறங்கிவிடும்! ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்த கையோடு கேனைத் தூக்கிக்கொண்டு கூவம், அடையாறு முகத்துவாரப் பக்கம் போய்விடாதீர்கள். உப்பும் குறைந்திருக்கும், ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கும்!

நீலமாக ஒளிர்ந்த கடல்!

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக மின்னின, நினைவிருக்கிறதா? காரணம் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி! அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அது பெருகி, ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் செத்துப் பவளங்களும் பாதிக்கப்பட்டன. கடலின் நிறம் மாறியிருக்கிறதா? அன்றைக்கு ஒரு சொட்டுகூடத் தொட்டிக்கு வேண்டாம்!

குறைந்த தண்ணீருக்குக் கடல் நீரையே ஊற்றலாமா?

கூடவே கூடாது! ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே தங்கிவிடும். 100 லிட்டர் தொட்டியில் தினமும் 2 லிட்டர் ஆவியாகி, அதற்குக் கடல் நீரையே ஊற்றினால் ஒரு நாளைக்கு 70 கிராம் உப்பு கூடும். பத்தே நாளில் லிட்டருக்கு 42 கிராம்! செங்கடலையே மிஞ்சிவிட்டீர்கள்! ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி.

பித்தளைக் குழாய் விஷமா?

கடல் உயிர்களுக்கு ஆம்! பித்தளையிலிருந்து கசியும் துளி செம்புகூட இறாலுக்கும் பவளத்துக்கும் கடல் சாமந்திக்கும் ஆகாது. செம்புக் குடம், பித்தளை வாளி எதுவும் வேண்டாம். உணவுப் பொருளுக்கான பிளாஸ்டிக் கேன் போதும்!

இறால் பண்ணைக்காரர்களின் ரகசியம்!

மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் இருக்கின்றன. லட்சக்கணக்கான குஞ்சுகள்! கடல் நீரோடு ஒரு நோய்க்கிருமி வந்தாலும் அத்தனையும் காலி! அதனால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமியைக் கொல்கிறார்கள். பிறகு காற்றடித்தும் சோடியம் தயோசல்பேட் சேர்த்தும் குளோரினைப் போக்குகிறார்கள். சோதனையில் குளோரின் துளியும் இல்லை என்று தெரிந்தால்தான் குஞ்சுகளுக்கு அனுமதி!

தண்ணீரோடு பவளக்கல்லும் எடுத்து வரலாமா?

தொடாதீர்கள்! பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. எடுத்தால் சிறை! 21 தீவுகளோடு 560 சதுர கிலோமீட்டர் பரந்த மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அமைந்ததே அந்தச் செல்வங்களைக் காக்கத்தான்!

ஒரு சதுர மீட்டர் பாசி செய்த அட்டகாசம்!

1984-இல் மொனாகோ கடலியல் அருங்காட்சியகத்தின் அடிவாரத்தில், தொட்டிகளில் வளர்க்கும் காலெர்ப்பா பாசி ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கடலடியில் தென்பட்டது. 1989-க்குள் அது ஒரு ஹெக்டேர்! 10,000 மடங்கு! பிறகு மத்தியதரைக் கடலின் பல கரைகளுக்கும் பரவியது. 2000-இல் கலிஃபோர்னியாவிலும் தலைகாட்டியபோது தார்ப்பாய் போட்டு மூடி, குளோரின் செலுத்தி, 2006-இல்தான் ஒழித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல்! கடலிலிருந்து எடுத்த தண்ணீர்தானே என்று தொட்டி நீரைத் திரும்பக் கடலில் ஊற்றாதீர்கள். ஒருபோதும்!

ஜாடியில் 59 வருஷம்!

1828-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஒரு கடல் சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடி ஜாடியில் வளர்த்தார் சர் ஜான் டேலியல். மின்சாரம் இல்லை, பம்ப் இல்லை, மருந்து இல்லை. இருந்தது மாற்றி மாற்றி ஊற்றிய இயற்கைக் கடல் நீர் மட்டுமே! 1851-இல் டேலியல் இறந்தார். 'பாட்டி' என்று செல்லப்பெயர் பெற்ற அந்தச் சாமந்தியோ கை மாறிக் கை மாறி 1887 வரை வாழ்ந்தது! ஒரே இரவில் 200-க்கும் மேற்பட்ட குட்டிகளைக்கூட ஈன்றிருக்கிறது! செத்தபோது செய்தித்தாளில் இரங்கல் குறிப்பே வந்தது! நல்ல இடத்தில் எடுத்த சுத்தமான கடல் நீரும், அதை மாற்றச் சலிக்காத ஒரு கையும் இருந்தால் ஒரு சின்ன ஜாடியிலேயே இவ்வளவு நடக்கும் என்றால், உங்கள் தொட்டியில் என்னதான் நடக்காது?