வாசலில் நிற்பவர் இரவலரா, பரிசிலரா?

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு மேலைநாடுகளில் ‘ஹலோவீன்’ என்னும் விழா நடைபெறுகிறது. சிறுவர்கள் பேயாகவும் பூதமாகவும் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுவார்கள். ‘இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?’ என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. சிவனொளிபாத மலையடியில், நல்லதண்ணியில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என நேயர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. வேடமிட்டு வாசலில் வந்து நிற்பவரை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி இரு இடங்களுக்கும் பொதுவானது.

முதலில் அந்த வழக்கத்தின் வரலாற்றைச் சற்று பார்ப்போம். நவம்பர் முதலாந் திகதி கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள்; மறுநாள் இறந்தோர் நினைவு நாள். முற்கால இங்கிலாந்தில் இந்நாட்களில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வேண்டுதல் செய்து, அதற்கு ஈடாகச் சிறிய பணியாரங்களைப் பெற்றனர். ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் வேடமிட்டு வரும் பிள்ளை ஒரு பாட்டுப் பாடவேண்டும். அல்லது ஒரு செய்யுளை ஒப்புவிக்கவேண்டும். அதன் பின்னரே அப்பிளோ கொட்டைகளோ கைக்கு வரும். குடியேறிகளோடு இவ்வழக்கம் வட அமெரிக்காவுக்குச் சென்றது. 1920களிலும் 1930களிலும் ‘இனிப்பா, குறும்பா’ என்ற கேள்வி அங்கு பரவியது. இரண்டாம் உலகப் போரில் சீனிக்குப் பங்கீடு வந்தபோது வழக்கம் தளர்ந்தது. போர் முடிந்ததும் மீண்டும் தழைத்தது.

இன்று இதுபற்றிய கருத்துகள் பலவாறாக உள்ளன. பிள்ளைகளை அந்நியர் வாசலில் கையேந்த விடுவதா என்பார் ஒரு சாரார். தராவிட்டால் குறும்பு என்பது மிரட்டல் அல்லவா என்பார் இன்னொரு சாரார். பேய் வேடம் சமயத்துக்கு ஒவ்வாது என விலகி நிற்போரும் உளர். பிரித்தானிய முதியவர் பலர் இதனை அமெரிக்க இறக்குமதி என்று முகஞ்சுளிக்கின்றனர். ஆண்டில் ஒரு நாளாவது அயலவர் கதவு திறக்கிறதே என்று மகிழ்வோரும் இருக்கின்றனர்.

வழக்கமும் மாறி வருகிறது. தேவாலயத்தினதோ பாடசாலையினதோ வளவில் கார்களை வரிசையாக நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்துவைத்து இனிப்பு வழங்கும் முறை அமெரிக்காவில் பரவியுள்ளது. சில வீடுகளில் கதவே திறப்பதில்லை. ‘ஒன்று எடுத்துச் செல்க’ என்ற குறிப்போடு இனிப்புக் கிண்ணம் மட்டும் படியில் இருக்கும். 2024ஆம் ஆண்டு தீபாவளியும் ஒக்டோபர் 31ஆம் திகதியே வந்தது. ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களின் வாசலை ஒரே நாளில் இரு விழாக்களும் தட்டின.

இனி நம் மலைகளுக்கு வருவோம். மாசி மாதத்தில், அமாவாசை கழிந்தபின் தோட்டங்களில் காமன் ஊன்றப்படுகிறது. சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் எரிந்ததும், ரதியின் புலம்பலால் அவன் மீண்டும் உயிர்பெற்றதும் கூத்தாக நிகழும். ரதியாக வேடம் புனைபவரும் ஆண்தான். தப்பு முழங்க, ரதியும் மதனும் லயத்துக்கு லயம் ஆடி வருவார்கள். வீட்டார் விளக்கேற்றி, ஆரத்தி எடுத்து, அரிசியோ காசோ தட்டில் இடுவார்கள். நல்லதண்ணியில் அது யாத்திரைக் காலமுமாகும். மேலே மலைப்பாதையில் விளக்கு வரிசை. கீழே லயத்து வாசலில் தப்பின் ஓசை.

இக்கூத்தைப் பற்றியும் கருத்துகள் பலவாறு உண்டு. ‘படிக்கிற பிள்ளைக்கு எதற்கு வேடம்?’ என்கிறார் ஒரு தந்தை. ‘வீடு வீடாக ஆடிக் காசு வாங்குவது பிச்சை எடுப்பது போலல்லவா?’ என்கிறார், நகரில் தொழில் பார்க்கும் இளைஞர். இந்த வெட்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாகத் துரையிடமும் கங்காணியிடமும் கைகட்டி நின்ற சமூகம், தன் பிள்ளை எந்த வாசலிலும் நிற்கக்கூடாது என்று நினைப்பது இயல்பு.

ஆனால் வாசலில் நிற்பதெல்லாம் இரத்தலா? பழந்தமிழ்ப் புலவர்கள் இதனை ஆழ்ந்து எண்ணியவர்கள். புறத்திணையில் ‘வாயில் நிலை’ என்றே ஒரு துறை உண்டு. பரிசில் தாமதமானால் அதைக் கேட்பதற்குப் ‘பரிசில் கடாநிலை’, பெற்று விடைகொள்வதற்குப் ‘பரிசில் விடை’ எனத் துறைகள் வகுத்தனர். இரவலன் என்ற சொல் அவன் தேவையை உணர்த்துகிறது. பரிசிலன் என்ற சொல் அவன் தகுதியை உணர்த்துகிறது. பரிசிலன் வெறுங்கையோடு வருவதில்லை. பாட்டையோ யாழையோ கொண்டு வருகிறான்.

இதற்குச் சிறந்த சான்று பெருஞ்சித்திரனார். குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றார். அதியமான் அவரைக் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்கவில்லை. முகம் பாராது தரும் பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து தந்தால் தினையளவாயினும் இனிது என்றும் புறநானூற்றின் 208ஆம் பாடலில் சொல்கிறார். வறுமையில் வாடிய குடும்பத்தைக் கொண்டவர் அவர். பசித்திருந்தும் மறுத்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

இந்தப் பாடலை வைத்துப் பார்த்தால், படியில் வைத்த இனிப்புக் கிண்ணத்தின் குறை விளங்கும். இனிப்பு கிடைக்கிறது, முகம் கிடைப்பதில்லை. பிள்ளையின் வேடத்தைப் பார்த்து வியக்கவோ, பயந்ததுபோல் நடிக்கவோ அங்கு ஆளில்லை. நம் நிலைமை வேறுபட்டதா? திருவிழாப் பணத்தைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. கணக்கு ஒழுங்காக இருக்கும். யாரும் யாரிடமும் போய்க் கேட்கவேண்டியதில்லை. அது வசதிதான். ஆயின் கூத்துச் செலவையும் அவ்வாறே தீர்த்துவிட்டு, ரதியும் மதனும் வாசலுக்கு வரும்போது தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தால், நாமும் காணாமலே கொடுத்தனுப்பியவர்கள் ஆவோம்.

காமன் கூத்தைப் பிச்சையாக்குவது ஆடுபவரின் தட்டு அன்று, பார்க்காதவரின் கதவு. விரதமிருந்து, பாட்டு மனனஞ் செய்து, இரவெல்லாம் ஆடும் இளைஞன் நமக்கு ஒன்றைத் தந்துவிட்டே தட்டை நீட்டுகிறான். அவன் பாடும் பாடலின் பொருளை வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பது எம்போன்ற தமிழாசிரியர்களின் கடமை. பொருள் அறிந்து பாடுபவனுக்கு வெட்கம் வராது. வீட்டாரின் கடமை அதிலும் எளிது: தப்போசை கேட்டதும் கதவைத் திறந்து, ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இயன்றதைத் தம் கையாலேயே இடுவது.