இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில் பெரிய வரைபடங்களும் தாமதமும்

இணையவழிப் பாத்திர விளையாட்டு என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டை, வெவ்வேறு ஊர்களில் இருப்போர் இணையம் வழியாக ஆடுவதாகும். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகியோர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டின் முன்னோடியாகும். இன்று ரோல்20, பவுண்ட்ரி போன்ற மெய்நிகர் மேசைகளில் வரைபடம், காய்கள், பகடை ஆகியவை எல்லோர் திரையிலும் ஒன்றாகத் தோன்றுகின்றன. வரைபடம் மிகப் பெரிதாக இருந்தால் திரை உறைந்து நிற்கும்; காய் நகர நேரமாகும். இதனையே 'லேக்' அல்லது தாமதம் என்பர். இதனால் முதலில் பாதிக்கப்படுபவர் பழைய கருவியும் குறைந்த இணைய வேகமும் உடைய மாணவர். தம் முறை வந்தும் அவருக்குப் படம் வந்திருக்காது. நாளடைவில் அவர் ஆட்டத்திலிருந்தே விலகிவிடக்கூடும்.

செஞ்சிக் கோட்டை: ஓர் எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்துக் கட்டப்பட்டது. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டியப் படைத்தலங்களுள் ஒன்றாக இது சேர்க்கப்பட்டது. சிவாஜியின் மகன் இராஜாராம் இங்கிருக்க, முகலாயர் தொடுத்த நெடிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. இதனை விளையாட்டாக ஆட விரும்பும் மாணவர்கள் கோட்டை முழுவதையும் ஒரே படமாக வரைய நினைப்பது இயல்பே. அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு கட்டம் வழக்கமாக 5 அடி, அதாவது ஏறத்தாழ 1.5 மீட்டர் இடத்தைக் குறிக்கும். ரோல்20-இல் ஒரு கட்டத்தின் பக்கம் இயல்பாக 70 படப்புள்ளிகள். 1.5 கி.மீ. பக்கமுள்ள சதுர நிலப்பரப்பை எடுத்துக்கொண்டால், ஒரு பக்கத்திற்கு 1000 கட்டங்கள், 70,000 படப்புள்ளிகள். மொத்தம் 490 கோடி படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட்டு வீதம் 19.6 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். சாதாரணக் கைபேசியோ மடிக்கணினியோ இதைத் தாங்காது.

தாமதத்தின் காரணங்கள்

1. தரவிறக்கம்: கோப்பு பெரிதானால் வந்து சேர நேரமாகும்.
2. நினைவகம்: கோப்பைச் சுருக்கிச் சேமித்தாலும், திரையில் காட்டும்போது படம் முழு அளவுக்கு விரியும். 2 மெகாபைட் கோப்பு 30 மெகாபைட் இடத்தைப் பிடிப்பது உண்டு.
3. கணிப்பு: எந்தக் காய்க்கு எது தெரியும் என்பதை ஒவ்வொரு சுவர்க் கோட்டையும் வைத்து மென்பொருள் கணக்கிடுகிறது. கோடுகள் பெருகினால் வேலையும் பெருகும்.
4. பதிவேற்றம்: நடத்துநரின் வீட்டுக் கணினியே வழங்கியாக இருந்தால், 8 மெகாபைட் படம் 5 பேருக்குச் செல்ல 40 மெகாபைட் பதிவேற வேண்டும். நொடிக்கு 1 மெகாபைட் வேகத்தில் அதற்கு 40 நொடிகள் ஆகும்.

கையாளும் முறைகள்

இந்திய நில அளவைத் துறை நாட்டை ஒரே தாளில் வரையவில்லை. நிலப்பரப்பைத் தாள் தாளாகப் பிரித்தே வரைகிறது. இணைய வரைபடங்களும் சிறு சதுரத் துண்டுகளாகவே வந்து சேர்கின்றன. விளையாட்டிலும் இதே முறையைப் பின்பற்றலாம்.

முதலில், படை நகர்வைக் காட்ட ஒரு பொதுப்படம் போதும். ஒரு கட்டத்திற்கு 15 மீட்டர், 35 படப்புள்ளி என வைத்தால் மேற்கண்ட பரப்பு முழுவதும் 3500 படப்புள்ளிப் பக்கத்தில் அடங்கும். சண்டை நடக்கும் இடத்திற்கு மட்டும் தனிப்படம் வரைய வேண்டும். கல்யாண மகாலைச் சுற்றி 60 மீட்டர் சதுரம் எடுத்தால் 40 கட்டங்கள், 2800 படப்புள்ளிகள். நினைவகத் தேவை சுமார் 31 மெகாபைட் மட்டுமே.

படத்தை வெப்பி வடிவில் சேமித்தால் கோப்பு சிறிதாகும். ஆனால் நினைவகச் சுமையைக் குறைக்கப் படப்புள்ளிகளைத்தான் குறைக்க வேண்டும். மதிலின் வளைவு நெளிவுகளை அப்படியே பின்தொடராமல் சில நேர்கோடுகளால் குறித்தால் போதும். அசையும் பின்னணி, பயன்படாத காய்கள் ஆகியவற்றை நீக்கலாம். அடுத்த காட்சியின் படத்தை இடைவேளையிலேயே ஏற்றி வைப்பதும் உதவும்.

ஆட்டத்திற்கு முந்தைய நாளே, குழுவில் மிகப் பழைய கருவி எவரிடம் உள்ளதோ அவரிடம் வரைபடத்தைத் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. அதில் தடையின்றி ஓடும் படம் மற்றவர்களின் கருவிகளிலும் பெரும்பாலும் ஓடும்.