நீலச் சட்டைக்காரர்கள் – 9: குபோ அடித்தால் வெற்றி

பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிப் பள்ளியில் பயின்ற சிறுவன் டாகேஃபுசா குபோ, 18 வயதுக்கு உட்பட்ட வெளிநாட்டு வீரர்களைச் சேர்ப்பது பற்றிய ஃபிஃபா விதியால் அந்த கிளப்பை விட்டு ஊர் திரும்பியதோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் குபோவா, இன்னொரு ஜப்பானிய வீரர் மிதோமாவா, ஜப்பானில் யாருக்கு மவுசு அதிகம் என்று பார்ப்பதாகப் பேச்சு.

அதற்காக 2022-23 ஸ்பானிய லீக் முடிவுகளைப் புரட்டியபோது கண்ணில் பட்ட ஒரு விஷயம் என்னை அங்கேயே உட்காரவைத்துவிட்டது. ரியல் சோசியடாட் அணிக்கு அது குபோவின் முதல் சீசன். லீகில் 9 கோல் அடித்தார், ஒன்பதும் வெவ்வேறு ஆட்டங்களில். அந்த ஒன்பதிலும் அணி ஜெயித்திருக்கிறது. ஒரு டிரா கூடக் கிடையாது!

முதல் ஆட்டமே அப்படித்தான். 2022 ஆகஸ்டில் காதிஸ் மைதானத்தில் 1-0. அந்த ஒரே கோல் குபோவுடையது. ஜனவரியில் பரம வைரி அத்லெடிக் பில்பாவோவை 3-1 என்று மடக்கியபோதும் கோல் போட்டார். ஆனால் எனக்குத் தித்தித்தது மே மாத ஆட்டம். எதிரே ரியல் மாட்ரிட். 18 வயதில் குபோவை வாங்கி, மயோர்கா, வில்லாரியல், ஹெதாஃபே என்று இரவல் கொடுத்தே காலம் கடத்திய கிளப். ஒரு போட்டி ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. இடைவேளை முடிந்த கையோடு மிலிதாவோ தன் கோல்கீப்பருக்குத் தட்டிய பந்து வலுவில்லாமல் உருள, குபோ பாய்ந்து அதைக் காலி வலைக்குள் தள்ளினார். 2-0 வெற்றி. சீசன் முடிவில் நான்காம் இடம், பத்தாண்டுக்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக். அணியின் ஊரான சான் செபாஸ்தியன் அவரைக் கொண்டாடியதில் என்ன ஆச்சரியம்?

சொந்த நாட்டில் கதை வேறு. 15 வயது 5 மாதத்தில் ஜே3 லீகில் இறங்கிய நாளிலிருந்தே ‘ஜப்பானின் மெஸ்ஸி’ என்று பத்திரிகைகள் தூக்கிவைத்த பிள்ளை. ஆனால் அந்த நாடே கண் கொட்டாமல் பார்த்த கத்தார் உலகக் கோப்பையில் ஜெர்மனியோடும் ஸ்பெயினோடும் முதல் பாதி ஆடினார். இரண்டு முறையும் அணி 0-1 எனப் பின்தங்கியிருக்க, இடைவேளையில் வெளியே எடுக்கப்பட்டார். இரண்டு முறையும் ஜப்பான் 2-1 என வென்றது. ஸ்பெயின் ஆட்டத்தில் அவருக்குப் பதில் வந்த தோவான் மூன்றே நிமிடத்தில் கோல் அடித்தார். அடுத்து, எல்லைக்கோட்டில் 1.88 மில்லிமீட்டர் ஒட்டிக்கொண்டிருந்த பந்தை மிதோமா உள்ளே இழுத்துவிட, தனாகா முடித்தார். அந்தப் படம்தான் உலகம் சுற்றியது. உடல்நலக் குறைவால் குரோஷியா ஆட்டத்தில் குபோ இறங்கவே இல்லை. கத்தாரில் நடந்ததை மட்டும் வைத்து ஒரு வீரரை அளப்பது அநியாயம் என்பேன். அந்த ஒன்பது கோல்களில் ஏழோ எட்டோ மட்டும் வெற்றியில் முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு வாதாட மாட்டேன். இவை ஒன்றுகூட வீணாகாத கோல்கள்.

1998-ல் பெருஜியாவுக்காக முதல் ஆட்டத்திலேயே யுவெண்டஸ் மீது இரண்டு கோல் அடித்த ஜப்பானிய வீரர் நகாதாவையும் இங்கே சேர்க்க நினைத்திருந்தேன். அந்த ஆட்டத்தில் அவர் அணி 4-3 எனத் தோற்றது. ஆனாலும் ஜப்பான் அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடியது.

மிதோமா அடுத்த வாரம். பல்கலைக்கழகத்தில் அவர் டிரிபிளிங் பற்றியே ஆய்வேடு எழுதியவர். அதற்காக வீரர்களின் தலையில் கேமரா பொருத்தினாராம். அதிலிருந்து தொடங்குவோம்.